டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் கலாசாலை வாயிலும்

வருஷந்தோறும் பள்ளி இறுதிப் பரீக்ஷையின் முடிவுகள் வெளியானதும், திண்டுக்கல் சமவெளியிலுள்ள கிராமங்களில் ஒரே விதமான காட்சியை நாம் காண்கிறோம். மகனோ மகளோ தேறிவிட்டதைக் கேட்டு மகிழ்ந்த குடும்பம், மறுதினமே கவலையில் ஆழ்ந்துவிடுகிறது. எந்தக் கலாசாலையில் இடம் கிடைக்கும் என்பது ஒரு கவலை. கிடைத்த இடத்துக்குக் கட்டப் பணம் எங்கே என்பது அதனினும் பெரிய கவலை. வேடசந்தூர்ப் பக்கத்தில் நூல் மில்லுக்குப் போகும் கூலியாளும், சின்னாளபட்டியில் தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளியும், நிலக்கோட்டைப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் சிறு குடியானவனும் அந்நாட்களில் தேடுவது ஒன்றே. அடகுக் கடைக்காரர் எவ்வளவு கொடுப்பார், சந்தையில் ஆடு என்ன விலை போகும் என்பதே அவர்கள் பேச்சாகிறது. பிள்ளையின் புத்தி எவ்வளவு என்ற கேள்வி அத்துடன் மறைந்து, தகப்பனின் பை எவ்வளவு என்ற கேள்வி அதன் இடத்தில் வந்து அமர்ந்துகொள்கிறது.

இத்தருணத்தில், இதே சமவெளியில் வாழ்ந்து, இந்த இரண்டு கேள்விகளையும் தம் வாழ்நாள் முழுவதும் எதிர்நோக்கி நின்ற ஒரு பெண்மணியின் சரித்திரத்தை நமது நேயர்களுக்கு நினைவூட்டுவது பொருத்தமென்று கருதுகிறோம். அவர்தாம் காந்தி கிராமத்தை நிறுவிய டாக்டர் டி. எஸ். சௌந்திரம் அம்மையார். அவர் மறைந்து 40 வருஷங்களுக்கு மேலாகிவிட்டன. ஆயினும் அவர் எழுப்பிய பிரச்னை இன்னும் தீர்ந்தபாடில்லை.

செல்வர் இல்லத்துப் பெண்

அம்மையார் 1904-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் பிறந்தார். தந்தையார் டி. வி. சுந்தரம் அய்யங்கார், தாயார் லக்ஷ்மி அம்மாள். 1911-ல் மதுரையில் தொழில் தொடங்கி, பஸ் போக்குவரத்தினாலும் மோட்டார் வியாபாரத்தினாலும் தென்னாடு முழுவதும் பெயர் பெற்ற அந்த வீட்டில் பணத்துக்குக் குறைவிருந்ததில்லை. எனினும் பணம் உள்ள வீடுகளையும் அக்காலத்து ஆசாரம் விட்டுவைக்கவில்லை. பால்யத்திலேயே அவருக்கு உறவினரான சௌந்தரராஜன் என்பாருடன் விவாகம் நடந்தது. கணவர் ஒரு வைத்தியர். அவர் நெடுநாள் ஜீவித்திருக்கவில்லை. இளம் பருவத்திலேயே சௌந்திரம் விதவையானார்.

அந்நாளில் உயர்குல விதவையின் நிலைமை இன்னதென்று நாம் விஸ்தரிக்க வேண்டுவதில்லை. வீட்டின் பின்கட்டே அவளுடைய உலகம். ஆனால் இந்தப் பெண் பின்கட்டில் அடைபட்டுக் கிடக்கவில்லை. படிக்கவேண்டும், அதிலும் வைத்தியம் படிக்கவேண்டும் என்று நிச்சயித்தார். பெற்றோரும் ஊர் வாய்க்கு அஞ்சாமல் அதற்கு இசைந்தனர். ஸ்திரீகளுக்கென்றே 1916-ல் டில்லியில் தொடங்கப்பெற்ற லேடி ஹார்டிஞ்ஜ் வைத்திய கலாசாலையில் அவர் சேர்ந்தார். 1936-ல் வைத்தியப் பட்டம் பெற்று வெளிவந்தபோது அவருக்கு வயது 32-ஐ எட்டிக்கொண்டிருந்தது. பிற பெண்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றி நினைக்கத் தொடங்கும் வயதில் அவர் தம் தொழிலையே தொடங்கினார்.

இவ்விடத்தில் நேயர்கள் சற்று நின்று யோசிக்கவேண்டும். சௌந்திரம் அம்மையாரின் துணிவை எல்லாரும் புகழ்கிறார்கள், நாமும் புகழ்கிறோம். ஆனால் துணிவு மட்டும் அவரை மதுரையிலிருந்து டில்லிக்குக் கொண்டுசேர்த்துவிடவில்லை. ரயில் சத்தம், கலாசாலைச் சம்பளம், விடுதிச் செலவு, புஸ்தகங்கள், துணிமணிகள் ஆகிய யாவற்றையும் வருஷக்கணக்கில் தாங்கக்கூடிய ஒரு தகப்பனார் அவருக்கு இருந்தார். அதே மதுரை ஜில்லாவில், அதே வயதில், அதே துயரத்துக்கு ஆளான ஏழை வீட்டு விதவைகள் எத்தனையோ பேர். அவர்களுள் அவரைப் போன்ற புத்தியும் உறுதியும் படைத்தவர்கள் ஒருவரும் இல்லை என்று எவரேனும் சொல்லத் துணிவரோ? அவர்களுக்கு ஆசாரம் ஒரு பூட்டு. வறுமை மற்றொரு பூட்டு. முதற் பூட்டை மனவுறுதியால் உடைக்கலாம். இரண்டாவது பூட்டுக்குத் திறவுகோல் வேறு. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லின் வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

தமக்குத் திறந்த வாயில் பிறருக்கு ஏன் திறக்கவில்லை என்பதை உணர்ந்தவர் போலவே அம்மையாரின் பின்னாளைய வாழ்க்கை முழுவதும் அமைந்தது. பெற்ற பட்டத்தைக் கொண்டு பட்டணத்தில் பெரிய வைத்தியசாலை வைத்துப் பொருளீட்ட அவருக்குச் சகல வசதிகளும் இருந்தன. அவர் அந்த வழியில் செல்லவில்லை.

காந்தியடிகளின் வழியில்

டில்லியில் படிக்கும்போது சுசீலா நய்யாரின் சிநேகம் அவருக்குக் கிட்டியது. அதன் மூலம் காந்தியடிகளின் தொடர்பு ஏற்பட்டது. ஹரிஜன சேவையில் ஈடுபட்டிருந்த ஜி. ராமச்சந்திரனையும் அவர் அக்காலத்தில்தான் சந்தித்தார். திருவாங்கூரைச் சேர்ந்த ராமச்சந்திரன், சாந்திநிகேதனத்தில் கல்வி பயின்று, சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளிடம் பயிற்சி பெற்றவர். இருவரும் விவாகம் செய்துகொள்ள விரும்பியபோது, பெண் வீட்டார் அதை ஏற்கவில்லை. மறுமணம் என்பது ஒரு தடை. ஜாதியும் நாடும் வேறு என்பது மற்றொரு தடை. காந்தியடிகள் அவர்களை ஒரு வருஷம் பிரிந்திருக்கச் சொல்லி, அதன் பிறகும் மனம் மாறாதிருக்கக் கண்டு, 1940-ம் வருஷம் சேவாகிராமத்தில் தாமே முன்னின்று விவாகத்தை நடத்திவைத்தார்.

1942-ல் தேசத்தையே உலுக்கிய இயக்கத்தில் தம்பதிகள் பங்கு கொண்டனர். 1944-ல் கஸ்தூரிபாய் அம்மையார் சிறையில் உயிர் நீத்தபின், அவர் பெயரால் கிராம ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்குமாக ஒரு நிதி ஏற்பட்டது. தமிழ்நாட்டில் அந்நிதியின் பொறுப்பைக் காந்தியடிகள் சௌந்திரம் அம்மையாரிடம் ஒப்புவித்தார். கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, பிரசவம் பார்க்கவும், குழந்தை வளர்ப்பைச் சொல்லிக்கொடுக்கவும், எழுத்தறிவிக்கவும் பழக்குவது அந்த வேலையின் முக்கிய அம்சம். பயிற்சிக்கு வந்தவர்கள் சம்பளம் கட்டிப் படிக்கும் நிலையில் உள்ளவர்கள் அல்லர். அவர்களில் விதவைகளும் உண்டு. கணவனால் கைவிடப்பட்டவர்களும் உண்டு. முன்பு தமக்குத் தகப்பனார் செய்ததை, இப்போது தேசத்தின் நிதியிலிருந்து பிறர் பெண்களுக்கு அம்மையார் செய்தார் என்று சொன்னால் மிகையாகாது.

சின்னாளபட்டிக்கு அருகில்

சுதந்திரம் வந்த 1947-ம் வருஷத்திலேயே, திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரை ரயில் நிலையத்துக்கும் அருகில், காந்தி கிராமம் தோன்றியது. ஒரு பக்கம் சிறுமலை. சுற்றிலும் புன்செய்க் காடும் நெசவாளர் ஊர்களும். ஒரு சிறு வைத்தியசாலையாகத் தொடங்கிய வேலை நாளடைவில் கஸ்தூரிபாய் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. ஆதாரக் கல்விப் பள்ளி, உபாத்தியாயர் பயிற்சிப் பள்ளி, அநாதைக் குழந்தைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் இல்லங்கள், கதர் மற்றும் கிராமக் கைத்தொழில்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏற்பட்டன.

வைத்தியர் ஒருவர் ஏன் பள்ளிக்கூடங்களை நாடினார் என்று சிலர் கேட்கலாம். கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்களுக்கு விடை தெரியும். மருந்து கொடுத்து அனுப்பிய குழந்தை மறு மாதம் அதே வியாதியுடன் திரும்பி வருகிறது. வியாதிக்கு மூலம் பசி. பசிக்கு மூலம் வறுமை. வறுமையை விட்டு வெளியேற உள்ள சில வழிகளில் கல்வி தலையாயது. ஆகவே ஆஸ்பத்திரியும் பள்ளியும் அவருக்கு இரண்டு வேலைகளாகத் தோன்றவில்லை.

பள்ளியுடன் நின்றுவிடவும் இயலவில்லை. கிராமத்துப் பள்ளியில் தேறிய பிள்ளைக்கு மேற்படிப்பு வேண்டுமானால் மதுரைக்கோ திருச்சிராப்பள்ளிக்கோ போகவேண்டும். அங்கே கட்டும் சம்பளத்தைவிட, அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அதிகம். போதாக்குறைக்கு, அந்தப் பிள்ளை வீட்டுக்குச் சம்பாதித்துத் தந்த கூலியும் நின்றுவிடும். கலாசாலையின் கணக்குப் புஸ்தகத்தில் சம்பளம் ஒன்றே எழுதப்பெறுகிறது. தகப்பனின் கணக்கில் இம்மூன்றும் சேர்ந்துதான் கனக்கின்றன. ஆகையால் பிள்ளையைக் கலாசாலைக்கு அனுப்புவதைக் காட்டிலும், கலாசாலையைப் பிள்ளையின் ஊருக்குக் கொண்டுவருவதே மலிவான வழி என்பது தெளிவாயிற்று.

1948-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த சர்வகலாசாலைக் கமிஷன், கிராமங்களுக்கென்றே சர்வகலாசாலைகள் வேண்டுமென்று சிபார்சு செய்திருந்தது. அதையொட்டி இந்திய சர்க்கார் 1956-ல் கிராம உயர்கல்வி ஸ்தாபனங்களைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அவை இரண்டு: பெரியநாயக்கன்பாளையத்து ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் ஒன்று, காந்தி கிராமம் மற்றொன்று. அதே 1956-ல்தான் காமராஜர் மந்திரிசபை ஆரம்பப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். சம்பளம் இல்லை என்று அறிவித்தால் மட்டும் ஏழைக் குழந்தை பள்ளிக்கு வந்துவிடாது, சோறும் வேண்டும் என்ற உண்மையை மதிய உணவு ஒப்புக்கொண்டது. அந்த உண்மை ஆரம்பப் பள்ளியோடு முடிந்துவிடுவதன்று. கலாசாலைக்கும் அது பொருந்தும்.

மலிவான வாயிலும் மதிப்பான வாயிலும்

காந்தி கிராமத்தில் வகுப்புடன் விடுதி, விடுதியுடன் உழைப்பு, உழைப்புடன் கிராம சேவை என்று முறை அமைந்தது. மாணாக்கர் கிராமங்களில் தங்கி, சாலை போடுவதிலும் சுகாதார வேலையிலும் ஈடுபடவேண்டும். பணக்காரப் பிள்ளைக்கு ஒரு விதி, ஏழைப் பிள்ளைக்கு ஒரு விதி என்பது கிடையாது. இது முக்கியமான அம்சமென்று நாம் எண்ணுகிறோம். சலுகை பெறுபவன் மட்டும் வேலை செய்யவேண்டுமென்றால் அது தண்டனையாகிவிடும். எல்லாரும் செய்தால் அதுவே கல்வியாகும்.

இத்துடன் கதை இனிது முடிந்ததென்று சொல்லிவிட நமக்கும் ஆசைதான். ஆனால் உண்மை அவ்வளவு எளிதாக இல்லை. கிராம ஸ்தாபனங்கள் தந்த மூன்று வருஷ டிப்ளமாவைச் சர்க்கார் பட்டத்துக்குச் சமமென்று சொல்லிற்று. பழைய சர்வகலாசாலைகளோ அதை மனமுவந்து ஏற்கத் தயங்கின. படித்து வெளிவந்தவர் மேற்படிப்புக்குச் சென்றால் வாயிலில் சந்தேகத்துடன் பார்க்கப்பட்டார். ஏழைக்கென்று மலிவாக ஒரு வாயில் திறக்கப்பட்டது மெய். அது உள்ளே வேறொரு சிறிய அறைக்குத்தான் இட்டுச் சென்றது. ஏழைகளுக்கென்று தனிக் கல்வி ஏற்படுத்தும் எல்லா முயற்சிகளிலும் பதுங்கியிருக்கும் அபாயம் இதுவே. கிராமத்தான் மகனுக்குக் கிராமப் படிப்பே போதும் என்று, நல்லெண்ணம் படைத்தவர்களே சொல்லத் தலைப்பட்டுவிடுவார்கள்.

நாட்டில் தொடங்கிய கிராம ஸ்தாபனங்கள் பலவும் இந்தச் சிக்கலில் தங்கள் தனித்தன்மையை இழந்து, வேறு சர்வகலாசாலைகளுடன் இணைந்தன. காந்தி கிராமம் இருபது வருஷம் பொறுத்து, 1976-ல் சர்வகலாசாலைக்கு நிகரான அந்தஸ்தைப் பெற்றது. அன்று முதல் தன் பட்டத்தைத் தானே வழங்கலாயிற்று. பட்டணத்துப் பட்டத்துக்கு எந்த வகையிலும் தாழாத பட்டம், சின்னாளபட்டிப் பக்கத்தில் கிடைக்கலாயிற்று. அந்த நாளைக் காண அம்மையார் ஜீவித்திருந்தார்.

சட்டசபையிலும் மந்திரிப் பதவியிலும்

அம்மையார் அரசியலிலும் முன்னணியில் நின்றார். 1952-ல் ஆத்தூர்த் தொகுதியிலிருந்தும், 1957-ல் வேடசந்தூர்த் தொகுதியிலிருந்தும் காங்கிரஸ் சார்பில் சென்னைச் சட்டசபைக்குச் சென்றார். 1962-ல் திண்டுக்கல் தொகுதி ஜனங்கள் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினர். அதே வருஷம் பத்மபூஷண் விருது பெற்றார். மத்திய சர்க்காரில் கல்வி உதவி மந்திரியானார். 1967-ல் காங்கிரஸ் மாகாணம் முழுவதிலும் தோல்வி கண்டபோது அவரும் திண்டுக்கல்லில் தோற்றார். தோல்வியால் ஊரை விட்டுப் போய்விடவில்லை. பதவிக்கு முன்பு எந்த வேலையில் இருந்தாரோ, அந்த வேலை அதே இடத்தில் அவருக்காகக் காத்திருந்தது. அரசியல் ஊழியர்கள் கவனிக்கத்தக்கது இது. பதவி போனபின் திரும்பி வருவதற்கு ஒரு வேலை உள்ளவரே பதவியை அச்சமின்றி வகிக்க முடியும். 1984-ம் வருஷம் அக்டோபர் 21-ந் தேதி அவர் காலமானார். 2005-ல் இந்தியத் தபால் இலாகா அவர் உருவம் பொறித்த தலை ஒன்றை வெளியிட்டுக் கௌரவித்தது.

இன்றைய நிலை

அவர் காலத்துக்குப் பின் நாடு எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. அதை மறுப்பது நியாயமாகாது. தொழிற்கல்விக்கு இருந்த மாகாண நுழைவுப் பரீக்ஷையைத் தமிழ்நாடு சர்க்கார் 2007-ல் சட்டத்தினால் நீக்கிற்று. சர்க்கார் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு 2022 முதலும், ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் அளிக்கப்படுகிறது. இவை யாவும் பாராட்டத்தக்கவை.

எனினும் பழைய பூட்டு புது வடிவத்தில் திரும்பி வருவதை நாம் காண்கிறோம். 2020-ல் சர்க்கார் பள்ளி மாணாக்கருக்கு வைத்திய கலாசாலைகளில் நூற்றுக்கு ஏழரை இடங்கள் ஒதுக்கப்பட்டன. முதல் வருஷத்திலேயே என்ன நேர்ந்தது? தனியார் கலாசாலைகளில் இடம் பெறத் தகுதி வாய்ந்த சில ஏழைப் பிள்ளைகள், சம்பளத் தொகையைக் கேட்டவுடன் இடத்தை விட்டுவிட்டுத் திரும்பினர். அதன் பிறகே சம்பளத்தையும் விடுதிச் செலவையும் சர்க்காரே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. பணம் சேராத இட ஒதுக்கீடு காகிதத்தில் எழுதிய சோறுதான் என்பதை அந்தச் சில நாட்கள் காட்டிவிட்டன.

2024-ல் வடக்கே நடந்ததும் நேயர்கள் நினைவிலிருக்கலாம். உத்தரப் பிரதேசத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், கடினமான பரீக்ஷையில் தேறி, தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றான். கட்டவேண்டிய தொகை 17,500 ரூபாய். குடும்பத்தார் அலைந்து திரிந்து பணத்தைச் சேர்த்தபோது, கெடு தீர்ந்துபோயிற்று. இடமும் போயிற்று. சுப்ரீம் கோர்ட்டே தலையிட்டு அவனைச் சேர்க்கும்படி உத்தரவிட வேண்டியதாயிற்று. கோர்ட்டுப் படியேற வழி தெரியாத பிள்ளைகளின் கதி என்னவென்று நாம் கேட்கிறோம்.

சம்பளம் இன்றிக் கலாசாலை எப்படி நடக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. உபாத்தியாயருக்குச் சம்பளமும் விடுதிக்கு அரிசியும் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. இயன்றவர் கட்டட்டும்; அதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. நாம் சொல்வது வரிசையைப் பற்றி. யோக்கியதை முதலில் பார்க்கப்படவேண்டும். இடம் அத்துடன் நிச்சயமாகவேண்டும். பணத்தைப் பற்றிய பேச்சு அதன் பிறகே வரவேண்டும். ஒரு வார காலக் கெடுவில் பணம் கட்டவில்லை என்பதற்காக, தகுதியுள்ள எந்தப் பிள்ளையின் இடமும் பறிபோகக் கூடாது. உபகாரச் சம்பளம் வருஷக் கடைசியில் வருவதால் பயனில்லை. சேரும் நாளில் வரவேண்டும். விடுதியையும் சாப்பாட்டையும் கல்விச் செலவின் பகுதியாகவே கணக்கிட வேண்டும். கிராமத்துக்கு அருகில் தோன்றும் கலாசாலை, பட்டணத்துக் கலாசாலைக்கு உபாத்தியாயர்களிலும் சாதனங்களிலும் குறைந்ததாக இருத்தலாகாது.

சட்டமும் உத்தரவும் வரும்வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. ஒவ்வோர் ஊரிலும் காரியக் கமிட்டி வைத்திருக்கும் நமது நண்பர்கள், பரீக்ஷை முடிவு வெளியாகும் வாரத்தில் கொடிகளைச் சற்றுக் கீழே வைத்துவிட்டு, தேறிய பிள்ளைகளின் ஜாபிதாவைக் கையில் எடுக்கட்டும். யாருக்குச் சாதிச் சான்றிதழ் வரவில்லை, யாருக்கு வருமானச் சான்றிதழ் தாலூகா ஆபீஸில் தங்கிக்கிடக்கிறது, யாருக்கு முதல் தவணைக்கு நாலாயிரம் குறைகிறது என்று வீடு வீடாக விசாரிக்கட்டும். ஓட்டுக் கேட்க ஏறும் படிகள் எல்லாருக்கும் தெரிந்தவையே. அதே படிகளில் இதற்காகவும் ஏறலாம்.

சௌந்திரம் அம்மையாருக்குத் தகப்பனார் செல்வர். அந்தப் பாக்கியத்தை அவர் ஓர் உரிமையென்று எண்ணி அநுபவித்துவிடாமல், அது இல்லாதவர்களுக்குத் தாம் பட்ட கடனாகக் கொண்டு, சிறுமலை அடிவாரத்தில் அக்கடனைத் தீர்க்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டார். அவர் திறந்துவைத்த வாயில் இன்றும் அங்கே இருக்கிறது. தகுதி வாய்ந்த ஒரு பிள்ளையும் பணமின்மையால் எந்த வாயிலிலிருந்தும் திரும்பிப் போகாதபடி பார்த்துக்கொள்வது நமது கடமை.